மோனாவின் வேலி வரை

ஜோஸ் சுவிட்சை அணைத்தாள். விளக்கு அணையவில்லை.

முழுதாக எரியவும் இல்லை. வராந்தாக் கூரை நெடுகத் தொங்கிய பல்புகள் எல்லாம் அரைத்தூக்கத்தில் எழுப்பப்பட்டவர்களைப் போல மங்கலாக முழித்தன. மறுபடி போட்டாள். இப்போது பேய் பிடித்ததுபோல் துடித்தன. ஒன்று எரிந்தால் ஒன்று அணைந்தது, அணைந்தது மறுபடி எரிந்தது. மறுபடி அணைத்தாள். அதே அரைக்கண்.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த அதே தெருவாசி லின்டன், "அட எழவே, இது சாகவே மாட்டேங்குதே!" என்றார்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஏணிக்கு இரண்டடி தள்ளித் திறந்த ஜன்னல். ஜன்னலுக்கு உள்ளே, ஆஸ்பத்திரியிலிருந்து இரவலாக வந்த கட்டிலில், ஜோஸின் அப்பா நெவில் கிடந்தார். காலையில் வந்த நர்ஸ், ஜோஸின் அம்மா பெரிலைச் சமையலறைக்குக் கூட்டிப்போய், "இன்னிக்குத்தான் பெரில், நாளைக்கு வரைக்கும் தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"அவருக்குக் கேட்டிருக்காது இல்ல?" என்றார் லின்டன் மெல்ல.

"கேட்டிருந்தா சிரிச்சிருப்பார்" என்றாள் ஜோஸ். "ஏணியை ஒழுங்காப் பிடிங்க."

டிசம்பர் முதல் சனிக்கிழமை. டாஸ்மேனியாவின் அந்த வடகரை ஊரில் அன்றைக்கு யாரும் வீட்டில் சமைக்க மாட்டார்கள். தெருவே நெவிலின் அலையைப் பார்க்க வந்துவிடும். கீழே கடல் முனையில் இருக்கிற கடைசி வீட்டிலிருந்து மேட்டில் இருக்கிற நெவில் வீடுவரை ஒன்பது வீடுகள். ஒவ்வொன்றின் முகப்பிலும் விளக்குச் சரம். இருட்டியதும் முனை வீடு மெல்ல வெளுக்கும், அது நிறைந்து வடியும்போதே அடுத்த வீடு வெளுக்கும், அப்படியே ஒளி ஏறி ஏறி வந்து இந்த ஜன்னலில் முட்டி வடியும், மறுபடி முனையில் கிளம்பும். வேறு ஊர்களில் கலைமான் பொம்மையும் பாட்டும் வைத்துக் கண்ணைக் குத்துகிற மாதிரி மின்னவிடுவார்கள். இங்கே அதெல்லாம் கிடையாது. ஓர் அலை. அவ்வளவுதான். அதற்கே வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள் ஜனங்கள்.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு தகரப் பெட்டி, பெட்டிக்குள் ட்ரையாக். எல்லாப் பெட்டிகளுக்கும் தாளம் சொல்வது நெவிலின் கொட்டகையில் இருக்கிற ஒரு மைக்ரோகண்ட்ரோலர், இருபது சென்ட் காசு அகலம்கூட இல்லாத சில்லு. முதல் வருஷம் பெட்டிகள் தகரமாக இல்லை. ஐஸ்கிரீம் டப்பாக்களாக இருந்தன. ஜோஸ் லைசன்ஸ் வாங்கிய எலக்ட்ரீஷியன். அந்த டப்பாக்களைப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தவள், மறுவாரமே எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்து, தகரப் பெட்டி, எர்த், மின்கசிவுக்குத் தனி பிரேக்கர் என்று அவளே கட்டிக்கொடுத்தாள். "நீ தெருவைக் கொளுத்துறதுக்குள்ள நான் பாத்தேனே" என்று திட்டிக்கொண்டேதான் கட்டினாள். திட்டுகிற வாய் ஒரு பக்கம், அலை வரும்போது மயிர்க்கூச்செறிகிற கை ஒரு பக்கம். அன்று தொடங்கி ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான்.

ட்ரையாக் என்பது ஒரு கதவு. சில்லு தட்டினால் திறக்கும். திறந்தபிறகு சில்லு தொண்டை கிழியக் கத்தினாலும் மூடாது. மின்சாரம் தானாக இறங்கிப் பூஜ்யத்தைத் தொடும் பாருங்கள், அந்தக் கணத்தில்தான் மூடும். நொடிக்கு நூறு தடவை அந்தக் கணம் வருகிறது. வந்ததும் உடனே தட்டினால் முழு வெளிச்சம், கொஞ்சம் பொறுத்துத் தட்டினால் மங்கல். நெவிலின் அலை முழுவதும் அந்தப் பொறுமையில் செய்ததுதான். "எரியற விளக்குன்னு நினைக்கிறோம், அது நொடிக்கு நூறு தடவை செத்துப் பிழைக்குது" என்று அவர் பியர் பாட்டிலோடு எல்லாரையும் பிடித்துவைத்துச் சொல்வார். தப்பிக்கிற வழி தெரியாமல் எல்லாரும் கேட்பார்கள்.

ஜோஸ் ஏணியில் இருந்தபடியே சரத்திலிருந்து ஒரு பல்பைக் கழற்றிக் கையில் உருட்டிப் பார்த்தாள். பழைய பல்பைப் போலவே உருண்டைக் கண்ணாடி. ஆனால் உள்ளே இருந்தது கம்பி இல்லை. மஞ்சள் குச்சி.

"லின்டன், இது எல்.இ.டி."

லின்டனின் முகம் மலர்ந்தது. "கண்டுபிடிச்சிட்டியா! ஆச்சரியமா இருக்கட்டும்னுதான் சொல்லல. நெவ் ஜூன், ஜூலைக் குளிர் பூரா ஆஸ்பத்திரியில கிடந்தானே, அப்ப தெருவே சேர்ந்து மாத்தினோம். ஒன்பது வீட்டுக்கும். நான்தான் ஏணி ஏறினேன், இந்த முட்டியை வச்சிக்கிட்டு! அவன் வருஷா வருஷம் குண்டு பல்புக்கு அலையறதைப் பாத்துப் பாத்து மனசு கேக்கல. போட்டுப் பாத்தேனே, பட்டப்பகல்ல ஜோரா எரிஞ்சுது."

ஜோஸ் பல்போடு இறங்கினாள்.

"என்னம்மா?"

"நல்ல மனசு லின்டன். ஆனா இந்தப் பல்பு மின்சாரத்தைக் கொத்தித்தான் தின்னும். கதவு திறந்தே நிக்கணும்னா கொஞ்சமாவது கனமா ஓடணும். கனம் இல்லாததால கதவு பட்டுப்பட்டுனு மூடிக்குது, அதான் துடிக்குது. அணைச்ச பிறகு பெட்டியில கசியற துளி இருக்கு பாருங்க, அதுவே இதுக்குப் போதுமா இருக்கு. அதான் முழிச்சிக்கிட்டே கிடக்கு." அவள் பல்பை அவர் கையில் வைத்தாள். "பழசெல்லாம் எங்க?"

லின்டன் கையிலிருந்த பல்பைப் பார்த்தார். "குப்பைக் கிடங்குல கொட்டிட்டேனே" என்றார். "கொட்டகையில அவன் சேத்துவச்சிருந்த பெட்டியையும் சேத்து."

அவருடைய உதடு கோணிக்கொண்டு போயிற்று. எழுபது வயது ஆள், முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிப் பிள்ளைகளை அதட்டியவர், கையில் பல்பை வைத்துக்கொண்டு பிள்ளைபோல் நின்றார். ஜோஸுக்கு அவரைத் திட்டவும் வாய் வரவில்லை, தேற்றவும் நேரமில்லை.

உள்ளே போனாள். திரைச்சீலை இழுத்த அறையில் கட்டிலோரத்து மேஜைவிளக்கு மட்டும் எரிந்தது. அம்மா நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, அப்பாவின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்திருந்தாள். அவருடைய மூச்சு காலையில் மாறிவிட்டிருந்தது. நாலைந்து ஏறி இறங்கும், பிறகு நின்றுவிடும். அறையில் இருப்பவர்களும் கூடவே நிறுத்திக்கொண்டு காத்திருப்பார்கள். பிறகு எங்கோ ஆழத்திலிருந்து அடுத்தது வரும்.

"உக்காரு ஜோஸ்" என்றாள் அம்மா. "லைட்டு கிடக்கட்டும். விட்டுத் தொலை."

"அலை வேணும்னு கேட்டாரேம்மா."

"நேத்துக் கேட்டார். நேத்து இருந்த ஆள் வேற." அம்மாவின் குரல் உடைந்தது. "நீ வெளிய ஏணியில நிக்கறப்ப இவர் போயிட்டா? அப்புறம் காலம் பூரா அந்தப் பல்பைத்தானே நினைச்சிக்கிட்டிருப்பே."

காலையிலிருந்து ஜோஸ் பயந்ததும் அதற்குத்தான். வெளியே போகிற ஒவ்வொரு நிமிஷமும் உள்ளே குறைகிற நிமிஷம். அவள் குனிந்து அப்பாவின் நெற்றியில் கைவைத்தாள். கண் திறந்தது. பார்வை எங்கெங்கோ தடவிவிட்டு அவளிடம் வந்து நின்றது.

"அலை... எப்ப?" என்றார்.

"இருட்டட்டும்ப்பா. வரும்."

"முனையிலேர்ந்து" என்றார். கண் மூடிக்கொண்டது.

ஜோஸ் அம்மாவைப் பார்த்தாள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "போ. சீக்கிரம் வா" என்றாள்.

வாசலில் லின்டனோடு பக்கத்து வீட்டு மோனாவும் வந்து நின்றாள். கோழி வளர்க்கிறவள், கோழியைவிடச் சத்தம். நெவில் வீட்டு வேலிக்கு இந்தப் பக்கம் ஜோஸ், அந்தப் பக்கம் மோனாவின் விளக்குச் சரம், தெருவின் எட்டாவது. சேதி அதற்குள் அவளுக்குப் போயிருந்தது.

"இந்த மனுஷன் பண்ணின காரியத்தைக் கேட்டியா? நான் அப்பவே சொன்னேன், நல்லா இருக்கறதை நோண்டாதேன்னு!"

"நீதானே மோனா பாதிப் பல்பு வாங்கிக் குடுத்தே!" என்றார் லின்டன்.

"வாங்கினேன். நோண்டச் சொன்னேனா?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்க" என்றாள் ஜோஸ். "எல்லாப் பல்பும் வேணாம். வீட்டுக்கு ஒண்ணு போதும். கம்பி வச்ச பழைய பல்பு. எந்த விளக்கா இருந்தாலும் சரி, கம்பி செவந்து எரியணும், அவ்வளவுதான். சரத்தோட பக்கத்துல அதையும் செருகிட்டா கனம் கிடைச்சிடும். கசிவையும் அதுவே குடிச்சிடும். கடையிலயும் இது கிடைக்காது. யார் வீட்டுல என்ன இருக்கோ கொண்டுவரச் சொல்லுங்க."

மோனா திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். தெரு நடுவில் நின்று, கோழிகளைக் கூப்பிடுகிற அதே குரலில், ஒன்பது வீட்டுக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

வந்தன பாருங்கள் விளக்குகள்! பல வருஷமாகக் கடையில் கிடைக்காத குண்டு பல்பு எந்தெந்தப் பொந்திலெல்லாம் உயிரோடு இருந்ததோ, அங்கிருந்தெல்லாம் கிளம்பி வந்தது. ஒருவர் உப்புக்கல் விளக்கைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். மெழுகு மிதக்கிற லாவா விளக்கு ஒன்று வந்தது. தையல் மிஷினின் விளக்கைத் தனியே பிரித்து எடுத்து ஒரு பெண் கொண்டுவந்தாள். அடுப்புக்குள் எரிகிற சின்னப் பல்பை ஒரு மேஜைவிளக்கில் மாட்டி ஒருவர் வந்தார், அன்றைக்கு அவர் வீட்டில் கேக் வேகவில்லை. மோனா குஞ்சுகளுக்குச் சூடு காட்டுகிற விளக்கையே கழற்றிவிட்டாள். குஞ்சுகளைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தாள், மார்பில் கீச்சுக்கீச்சென்றது.

ஜோஸ் கடல் முனையில் தொடங்கினாள். ஒவ்வொரு பெட்டியாக, இரட்டைச் செருகி போட்டு, விளக்கை மாட்டி, சோதித்து மேலே ஏறினாள். சரம் சொன்னபடி எரிந்தது, சொன்னபடி முழுசாக அணைந்தது. "இன்ஸ்பெக்டர் எவனாவது பாத்தா என் லைசன்ஸைப் பிடுங்கிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான்" என்று முணுமுணுத்தபடியே மாட்டினாள். லின்டன் முட்டியை இழுத்து இழுத்துப் பின்னாலேயே வந்தார். வழியெல்லாம் மடக்கு நாற்காலிகள் விரிந்துகொண்டிருந்தன. யாரோ சாசேஜும் வெங்காயமும் வாட்டத் தொடங்கியிருந்தார்கள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், யாரும் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டிருப்பாள்.

மோனா வீடு எட்டாவது. அதை முடித்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"அடுத்தது?"

லின்டன் வெறுங்கையைக் காட்டினார். "இல்லம்மா. தெருவையே உதறிப் பாத்தாச்சு."

மேற்கே கடைசிச் சிவப்பும் போய்க்கொண்டிருந்தது. எட்டு வீட்டுக்கு அலை வரும். ஒன்பதாவதற்கு, அது வந்து முட்டவேண்டிய ஜன்னலுக்கு வராது. முதன்முதல் அலையை அவர் அந்த ஜன்னலுக்காகத்தான் செய்தார். அந்த வருஷம் அம்மா இடுப்பெலும்பு முறிந்து அதே அறையில் கிடந்தாள். வெளியே போய்ப் பார்க்க முடியாதவளுக்கு வெளிச்சத்தை ஜன்னலுக்கே வரவழைத்தார் மனுஷன். அம்மா எழுந்து நடந்தபிறகும் அலையின் வழியை அவர் மாற்றவேயில்லை.

ஜோஸ் ஜன்னலண்டை போனாள். "அம்மா, பல்பு தீர்ந்துபோச்சு. இங்க மட்டும்..."

அம்மா அவளைப் பார்த்தாள். பிறகு கட்டிலோரத்து விளக்கைப் பார்த்தாள். அதன் வெளிச்சம் அப்பாவின் முகத்தில் ஒரு பக்கமாக விழுந்திருந்தது. காலையிலிருந்து அவள் அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அதுல இருக்கறது குண்டு பல்புதான்" என்றாள் அம்மா. "வெள்ளை வெளிச்சம் எனக்குக் கண்ணு கூசும்னு இவர் ஒளிச்சு வச்சு மாட்டினது."

"வேணாம்மா. உனக்கு அவர் முகம் தெரியாது."

"கை இருக்குல்ல" என்றாள் அம்மா.

ஒரு கையால் அவரைப் பிடித்தபடியே, இன்னொரு கையால் சுவரிலிருந்து செருகியைப் பிடுங்கினாள். அறை இருண்டது. திரைச்சீலையை ஒதுக்கி, விளக்கைக் கம்பியோடு ஜன்னல் வழியாக வெளியே நீட்டினாள். பல்பு சூடாக இருந்தது. ஜோஸ் அதை ஜன்னல் விளிம்பிலேயே வைத்துப் பெட்டியில் செருகினாள், கொட்டகைக்கு ஓடினாள், பொத்தானை அழுத்தினாள்.

வெளியே வந்து நின்றபோது தெருவில் பேச்சு அடங்கியிருந்தது. கீழே முனை வீடு இருட்டில் மூச்சு வாங்குவதுபோல் வெளுத்தது. நிறைந்தது. அது வடியத் தொடங்கும்போதே அடுத்தது. உப்புக்கல் விளக்கு உள்ளிருந்து பழுத்தது, லாவா விளக்கு பழுத்தது, தையல் மிஷின் விளக்கு பழுத்தது. இத்தனை வருஷமும் சரங்கள் மட்டும்தான் ஏறி வந்தன. இந்த வருஷம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்தந்த வீட்டின் உள் விளக்கும் கூடவே எழுந்து கூடவே தாழ்ந்தது. நாற்காலிகளின்மேல், முகங்களின்மேல், தோளில் ஏறி உட்கார்ந்த பிள்ளைகளின்மேல் ஒளி ஊர்ந்து வந்தது. "ஐயோ, என்ன அழகு" என்று யாரோ சொன்னார்கள், சர்ச்சில் பேசுகிற குரலில். இதன் ஒவ்வொரு கம்பியும் ஜோஸுக்குத் தெரியும். ஒவ்வொரு திருகும் அவள் முறுக்கியது. ஆனாலும் அவளுக்கு உடம்பு முழுக்கச் சிலிர்த்தது.

மோனாவின் வீடு நிறைந்தது. வேலியைத் தாண்டியது. வராந்தா வெளுத்தது. ஜன்னல் விளிம்பில் விளக்கின் கம்பி முதலில் சிவப்பு நூலாகத் தெரிந்தது, பிறகு மஞ்சளாயிற்று, பிறகு ஜன்னலே நிறைந்தது. உள்ளே அப்பாவின் முகம் தெரிந்தது. கண்கள் திறந்திருந்தன. இரண்டு கண்ணிலும் இரண்டு விளக்கு.

பிறகு வடிந்தது. முனையில் மறுபடி கிளம்பியது.

அவள் உள்ளே ஓடினாள். கட்டிலின் மறுபக்கம் முழந்தாளிட்டு அப்பாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தாரா?"

"பாத்தார். என் கையை அழுத்தினார்" என்றாள் அம்மா. அழுதுகொண்டே சிரித்தாள். "கிழட்டுப் பயலுக்கு என்ன பெருமை பாரு."

வெளிச்சம் வந்தது, முகம் தெரிந்தது. வெளிச்சம் போனது, கை மட்டும் இருந்தது. அவருடைய மூச்சு ஏறியது, இறங்கியது, நின்றது. அவர்கள் காத்திருந்தார்கள். ஆழத்திலிருந்து ஒன்று வந்தது. வெளியே யாரோ கைதட்டினார்கள், யாரோ அதட்டி நிறுத்தினார்கள். அலை வந்தது. மூச்சு நின்றது. காத்திருந்தார்கள். இன்னொரு அலை வந்து ஜன்னலை நிறைத்துவிட்டுப் போனது. மூச்சு வரவில்லை. எந்தக் கணத்தில் நின்றது என்று ஜோஸுக்குத் தெரியவில்லை. அவள் கையை விடவுமில்லை.

அதற்கடுத்த அலையும் வந்து போனபிறகு அம்மா சொன்னாள்: "ஜோஸ், அந்த விளக்கை உள்ள எடுத்துட்டு வா. எனக்கு அவர் முகத்தை நிதானமாப் பாக்கணும்."

ஜோஸ் வராந்தாவுக்குப் போனாள். தெருவில் எல்லாரும் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். லின்டன் மட்டும் அவளைப் பார்த்து, ரொட்டியில் சுருட்டிய சாசேஜைத் தூக்கிக் காட்டி, ஜெயித்துவிட்டோம் என்பதுபோல் சிரித்தார். அவளும் தலையசைத்தாள். தங்கள் பெட்டியின் பிரேக்கரை இறக்கினாள். சரம் உடனே, முழுசாக அணைந்தது. விளக்கைப் பிடுங்கிக் கம்பியைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தாள், சுவரில் செருகினாள்.

அறை நிதானமான மஞ்சளில் நின்றது. அம்மா ஈரத்துணியால் அவருடைய உதட்டையும் தாடையையும் துடைத்தாள். மேஜை இழுப்பறையிலிருந்து சீப்பை எடுத்து, வகிடு எடுக்கிற பக்கம் எது என்று தெரிந்தவளாய், வாரினாள்.

வெளியே சத்தம் குறைந்துகொண்டே வந்தது. முதலில் மேட்டுப் பக்கத்து நாற்காலிகளில் பேச்சு நின்றது. பிறகு கீழே கீழே என்று இறங்கி முனைவரை நின்றது. சாசேஜ் வாட்டுகிற அடுப்பை யாரோ அணைத்தார்கள். மோனாவின் சட்டைக்குள் குஞ்சுகள் கத்துவது மட்டும் கேட்டது. ஜோஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். லின்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அந்தக் கையிலேயே பாதி தின்ற ரொட்டியும் இருந்தது.

கடல் முனையில் வீடு வெளுத்தது. அடுத்தது வெளுத்தது. ஒளி மெல்ல மேடேறி வந்தது. மோனாவின் வேலி வரை வந்து நின்றது.